துராலிக்கு ஓர் இடம்

எங்கள் ஓவியக்கூடத்தில் மேமிக்குத் தலைவெட்டி என்று பட்டப்பெயர். வீட்டில் கோழி அறுக்க வேண்டியிருந்தால் அதன் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்காரனான என்னிடம் வந்துவிடுவான். நான் அறுத்து முடிக்கும்வரை தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருப்பான். அவன்தான் இருபது வருஷமாகப் பாதுஷாவின் போர்ப் புத்தகங்களுக்கு வெட்டுண்ட தலைகளை வரைந்து கொடுத்தவன்.

கூடம் இஸ்தான்புல் அரண்மனைக்கு வெளியே ஒரு பழைய தேவாலயத்தின் மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தில் பாதுஷாவின் சிங்கங்களை அடைத்து வைத்திருந்தார்கள். அவை பசியில் கத்தினால் எங்கள் பலகைகள் அதிரும். தூரிகையைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டு, அவை கத்தி ஓயட்டும் என்று காத்திருப்போம். என் பெயர் ஸெஃபர். தாள் மெருகிடுவது என் வேலை. முட்டை வெள்ளையும் படிகாரமும் பூசி உலர்த்திய தாளை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவேன். வரைந்ததில் தப்பு வந்தால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மெருகிடுவதும் நான்தான். மேமிக்கு நேர்ந்ததில் என் கையும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு படத்தை ஒரே ஆள் வரைவதில்லை. மலைக்கு ஒருவர், கூடாரத்துக்கு ஒருவர், குதிரைக்கு இரண்டு பேர். பாதுஷாவின் முகத்தையும் பாஷாக்களின் முகத்தையும் தலைமை ஓவியர் உஸ்தாத் பெர்வீஸ் மட்டும்தான் தொடுவார். மேமி உஸ்குப் என்ற ஊரிலிருந்து வந்து சேர்ந்த வருஷம், பிணங்களை வரைந்துகொண்டிருந்தவருக்குக் கண் மங்கிவிட்டது. கொஞ்ச நாளைக்கு நீ உட்கார் என்று மேமியை அந்தப் பலகையில் உட்கார வைத்தார்கள். அவன் செய்த தப்பு, அந்த வேலையை நன்றாகச் செய்தது. அதுவே அவன் தலையெழுத்தாகிவிட்டது. மரம் வரைகிறேன், குதிரை வரைகிறேன் என்று பல தடவை கேட்டுப் பார்த்தான். குதிரை வரைய ஆள் இருக்கிறது, செத்தவனை வரைய நீதான் இருக்கிறாய் என்று உஸ்தாத் சொல்லிவிடுவார்.

அந்த வேலைக்கும் முறை உண்டு. மழித்த தலையில் உச்சிக்குடுமி, பாதி மூடிய கண், கழுத்து விளிம்பில் ஜாதிலிங்கச் சிவப்பில் மூன்று மெல்லிய கோடுகள். அதற்கு மேல் இரத்தம் காட்டினால் ஏடு அழுக்காகத் தெரியும். இன்னொரு முறையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எதிரி சாவான்; நம்மவன் சாகமாட்டான். நம் படையாட்கள் வரிசை கலையாமல், தலைப்பாகை சரியாமல், யாரையோ விசாரிக்கப் போகிறவர்கள் போன்ற முகத்தோடு வெட்டிக்கொண்டே போவார்கள்.

ஹிஜ்ரி ஆயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். டான்யூப் ஆற்றுக்கு அப்பால் ஹங்கேரிக்காரர்களின் கோட்டை ஒன்றைப் பிடிக்கப் படை கிளம்பியது. அந்தப் போரைச் செய்யுளாக எழுதும் பொறுப்பு ருஷ்தி எஃபெந்திக்கு. அவர் அரண்மனைப் புலவர், படித்த மனிதர், குளிர் தாங்காதவர். கோட்டையின் அமைப்பை நேரில் பார்த்து வரைந்துவர ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். கூடத்தில் ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மகள் கல்யாணம். கடைசியில் மேமியின் பெயர் வந்தது. மேமியின் மனைவி கெரிமே சந்தோஷமாகவே அனுப்பி வைத்தாள். அவளுடைய தம்பி துராலி அதே படையில் சுரங்கம் தோண்டும் ஆட்களோடு போயிருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் நினைத்தாள்.

துராலியை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். விரிந்த காது, உடைந்த முன்பல். பச்சை வெங்காயத்தைப் பழம்போலக் கடித்துக்கொண்டே பேசுவான். முற்றுகை நடந்த இரண்டு மாதமும் அவன் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் உடம்பெல்லாம் மண்ணோடு மேமி வரையும் மேட்டுக்கு வந்துவிடுவானாம். அவன் சொன்ன ஒன்றை மேமி என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

"மச்சான், குதிரைக்காரன் கொடிக்காரன் எல்லாரையும் போடுறீங்க. எங்க பொந்து வாசலையும் ஒரு ஓரமா போட்டு விடுங்களேன். மண்ணுக்குள்ள நாங்க கிடக்கிறது அந்த அல்லாவுக்குத் தவிர யாருக்கும் தெரியாது."

தாக்குதல் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் கொடி மதில்மேல் இருக்க வேண்டும் என்று படையை நடத்திய பாஷா சொல்லிவிட்டார். சுரங்கத்தில் வெடிமருந்து அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வெளியே வருவதற்குள் திரியில் நெருப்பு வைத்துவிட்டார்கள். மதில் உள்பக்கம் சாயவில்லை, வெளிப்பக்கம் சரிந்தது. துராலியோடு முப்பது பேருக்கு மேல் அடியில் போனார்கள். அந்தக் கற்குவியல்மேல் ஏறித்தான் நம் படை உள்ளே போயிற்று. மேமி மேட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். வரிசை என்று எதுவும் இல்லை. புழுதியில் யார் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கீழே விழுந்தவர்கள் இரண்டு மொழியிலும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். சண்டை ஓய்ந்த பிறகு பாஷாவின் கூடாரத்துக்கு முன்னால் மூட்டையை அவிழ்த்துத் தலைகளை உருட்டிவிட்டார்கள். மேமி நிஜமான வெட்டுண்ட தலையை அன்றுதான் முதன்முதலில் பார்த்தான். கண்கள் மூடியிருக்கவில்லை. வாய்களில் மண் இருந்தது. அவன் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டான். பக்கத்தில் நின்ற படையாள், நீதானே தினமும் இதை வரைகிறவன் என்று சிரித்தானாம்.

குளிர் தொடங்கும்போது மேமி திரும்பி வந்தான். கெரிமே அவனைப் பார்த்ததும் தம்பி எங்கே என்று கேட்கவில்லை. அவன் தனியாக வந்ததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் நாள் மாவையும் நெய்யையும் கிளறி ஹல்வா செய்து, செத்தவனின் பெயரால் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். பிறகு இறந்தவனுக்கான ஜனாஸா தொழுகை வைக்கச் சொல்லி மேமியை இமாமிடம் அனுப்பினாள். உடல் இல்லாமல் ஜனாஸா தொழுவது நம் வழியில் இல்லை என்றார் இமாம். அவரையும் குறை சொல்ல முடியாது, சட்டம் அதுதான். அங்கேயாவது எடுத்து அடக்கினார்களா என்று கெரிமே கேட்டாள். மதிலை மறுபடி அதே இடத்தில் கட்டிவிட்டார்கள் என்பதைச் சொல்ல மேமிக்கு நாக்கு எழவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னான்.

அன்றைக்கு அவள் சொன்னது:

"ஊர் பேர் தெரியாதவன் தலையெல்லாம் வரையுறீங்க. என் தம்பியை ஒரே ஒரு தடவை வரைஞ்சா என்ன? தொழுகை இல்ல, குழி இல்ல. பாதுஷா புத்தகத்துலயாவது அவன் இருந்துட்டுப் போகட்டும்."

மேமிக்கும் அதே எண்ணம் இருந்திருக்க வேண்டும். மறுநாளே தொடங்கிவிட்டான். கோட்டை விழுகிற ஏட்டில், சரிந்த மதிலுக்கு அடியில் பாதி உடல் வெளியே தெரியும்படி ஒரு ஆளைப் போட்டான். விரிந்த காது, நம்மவர் உடுப்பு. உஸ்தாத் பார்த்துவிட்டு அடுத்த பலகைக்குப் போனார். ருஷ்தி எஃபெந்தி ஏடுகளைச் சரிபார்க்க வந்தபோது அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"யாரப்பா இது?"

"சுரங்கம் தோண்டுற ஆள், எஃபெந்தி. மதில் விழுந்ததுல போனவர்."

"நம்ம பக்கத்துல ஒருத்தனுக்கும் ஒரு முள்ளுகூடக் குத்தலைன்னு எழுதியிருக்கேன். மேலே என் செய்யுள், கீழே உன் பிணம். படிக்கிறவர் எதை நம்புவார்?"

நான் அங்கே இருந்தேன் எஃபெந்தி, என்று மேமி சொன்னான். அதற்கு அவர் கோபப்படவே இல்லை. நீ அங்கே இருந்தாய், ஆனால் புத்தகத்தை எழுதுவது நான், என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஏட்டைப் புரட்டினார். உஸ்தாத் என்னைப் பார்த்தார். நான் கத்தியை எடுத்தேன். துராலியைச் சுரண்டி எடுக்க எனக்குப் பாதிப் பொழுதுகூட ஆகவில்லை. மேமி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தாளிலிருந்து உதிர்ந்த சிவப்புப் பொடியை நான் வாயால் ஊதிவிட்டபோது மட்டும் எழுந்து போய்விட்டான்.

இரண்டாவது தடவை அவன் யோசித்துச் செய்தான். செத்தவனாகப் போட்டால்தானே தகராறு? படத்தின் கீழ்மூலையில், மண்மேட்டுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தளவு ஒரு பொந்து. அதன் வாயில் மண்வெட்டியோடு நிமிர்ந்து நிற்கும் ஒரு ஆள். துராலி ஆசைப்பட்டது போலவே இருந்தது. உயிரோடு இருப்பவனை யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று மேமி என்னிடம் சொன்னான். அந்த ஒரு வாரம் அவன் சிரித்துப் பேசினான். கொண்டுவந்த உப்பில் ஊறவைத்த முட்டைக்கோஸை எல்லோருக்கும் பங்கு வைத்தான்.

ருஷ்தி எஃபெந்தி அதையும் கண்டுபிடித்தார். மதில் விழுந்தது பீரங்கியாலும் இறைவன் கருணையாலும் என்றுதான் செய்யுளில் இருந்தது; சுரங்கம் என்ற சொல்லே வராது. அரண்மனையில் பாஷாவுக்கு வேண்டாதவர்கள் இருந்தார்கள். சுரங்கம் என்று ஒன்று கண்ணில் பட்டால், அதில் எத்தனை பேர் போனார்கள், திரிக்கு யார் நெருப்பு வைக்கச் சொன்னது என்று கேள்வி வரும். இதையெல்லாம் அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு புதர் போட்டு மூடு என்று மட்டும் சொன்னார். உஸ்தாதின் காதில் அவர் ஓதியதை வைத்துப் பிறகு நாங்களாகப் புரிந்துகொண்டோம். நான் மறுபடி சுரண்டினேன். செடி வரைபவர் வந்து அந்த இடத்தில் அழகான புதர் ஒன்றைப் போட்டார், வெள்ளைப் பூக்களோடு.

அதன்பிறகு மேமிக்கு மிச்சமிருந்தது அவன் வழக்கமான வேலைதான். பாஷா தங்க இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஏட்டில், காலடியில் பன்னிரண்டு தலைகள். பத்து நாள் குனிந்த தலை நிமிராமல் வரைந்தான். தங்கத்துக்கு மெருகிட அந்த ஏடு என்னிடம் வந்தது. கல்லைக் கையில் எடுத்த நான் அப்படியே வைத்துவிட்டேன். இடமிருந்து நாலாவது தலை துராலி. மேமி அவனுக்கு மழித்த தலையில் குடுமி வைத்திருந்தான், மீசையை எதிரிகளைப் போல முறுக்கிவிட்டிருந்தான். ஆனால் அந்தக் காதையும் லேசாகத் திறந்த வாயில் அந்த உடைந்த பல்லையும் எங்கள் தெருவில் யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?" என்றேன்.

"இந்த ஒரு இடத்தைத்தான் அண்ணே யாரும் பார்க்க மாட்டாங்க," என்றான் மேமி. "எஃபெந்தி தலையை எண்ணுவாரு. முகத்தைப் பார்க்க மாட்டாரு."

அவன் சொன்னதுதான் நடந்தது. எஃபெந்தி பன்னிரண்டு என்று எண்ணிவிட்டு ஏட்டை மற்ற ஏடுகளோடு சேர்த்து வைத்தார். உஸ்தாத் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தாலும் வாயைத் திறக்காதவர் அவர்.

புத்தகம் அரண்மனைக்கு உள்ளே ஏடுகளைத் தைத்து அட்டை கட்டுபவர்களிடம் போன அன்று, மேமி வீட்டில் வாய்விட்டுவிட்டான். போட்டீர்களா என்று கெரிமே கேட்டிருக்கிறாள். போட்டேன் என்றிருக்கிறான். எங்கே என்று கேட்டதும் அவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை அவள் என் வீட்டு முற்றத்தில் நின்றாள். என் மனைவி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அண்ணே, நீங்கதானே சுரண்டுறவரு? ரெண்டு தடவை என் தம்பியைச் சுரண்டுனீங்க. மூணாவது தடவையும் சுரண்டிடுங்க."

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். மேமி மனசறிந்து கெட்டது செய்யவில்லை, அவனுக்கு வேறு வழி விடவில்லை என்றேன்.

"அவனைக் கொன்னது மதிலு. தலையை வெட்டுனது உங்க கூட்டாளி. அதுவும் காஃபிரா ஆக்கி, அந்தத் திரியில நெருப்பு வைக்கச் சொன்னவன் காலடியிலேயே கொண்டுபோய் வெச்சிருக்காரு. அவன் இல்லாமலே இருக்கட்டும் அண்ணே. அப்படி இருக்க வேண்டாம்."

அன்று மதியம் நானும் மேமியும் புத்தகம் கட்டும் இடத்துக்குப் போனோம். உள்ளே விட மாட்டேன் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பாஷா ஏட்டில் தங்கத்தின் மெருகு சரியாக இல்லை, ஒரு நாள் கொடுங்கள், திருத்தித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தலைமைக் கட்டுநர் ஏட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறார். இதைவிட நல்ல மெருகை நான் கண்டதில்லை, வீண் அடக்கம் வேண்டாம் என்று சொல்லிவிடு என்று பதில் வந்தது. என் வேலையை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு மேமி ருஷ்தி எஃபெந்தியிடம் போனான். தலைகளில் ஒன்று சரியாக அமையவில்லை, மாற்றித் தருகிறேன் என்று கேட்டான். எதை என்று அவர் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பான். உண்மையைச் சொன்னால் பாஷாவின் காலடியில் முஸ்லிம் தலை வைத்தவன் என்று அவன் தலையே போய்விடும். எஃபெந்தி எதை என்று கேட்கவே இல்லை. மூன்று மாதமாக ஏதாவது ஒன்றைச் சொல்லி வேலையைத் தாமதம் செய்கிறாய், இனி இந்தப் புத்தகத்தின் பேச்சை எடுக்காதே என்று அனுப்பிவிட்டார். கடைசியாக உஸ்தாத். அவர் வெகுநேரம் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது, நீயும் தெரியாதவனாக இரு என்றார்.

ரமலானுக்கு முன்னால் புத்தகம் பாதுஷாவின் கைக்குப் போனது. பாஷாவுக்குக் கௌரவ அங்கி கிடைத்தது. எங்கள் கூடத்திலும் நல்ல வேலை செய்த ஆறு பேருக்கு ஆளுக்கொரு பட்டுத்துணி வந்தது. மேமிக்கும் ஒன்று, ஆரஞ்சு நிறத்தில். கெரிமே அதை வாசற்படி தாண்டி உள்ளே விடவில்லை. அவன் திரும்பக் கொண்டுவந்து சிங்கங்களைப் பார்த்துக்கொள்கிறவனிடம் கொடுத்தான். அவன் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறைச்சி வெட்டினான்.

கெரிமே சமைத்தாள், துணி துவைத்துப் போட்டாள், மேமியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைச் சமாதானப்படுத்த அவனுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கூடத்தில் வெட்டி எறிந்த தாள்துண்டு ஒன்றை என்னிடம் வாங்கிக்கொண்டு போய், துராலியை முழு ஆளாக, தலைப்பாகையோடு, உயிரோடு வரைந்தான். அது செத்தவன் முகமாக வந்தது. இன்னொரு துண்டு கேட்டான். அதுவும் அப்படியே. இருபது வருஷமாக ஒரே வேலை செய்த கை. புருவம் போட்டதும் இமை தானாகப் பாதி இறங்கிவிடும். அவன் என்னிடம் வாங்கிப்போன துண்டுகளுக்குக் கணக்கே இல்லை. கெரிமே பார்க்காதது போல இருந்தாளே தவிர, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாளாம். இடது கண் கொஞ்சம் சின்னது, சிரிக்கும்போது நெற்றி சுருங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். மேமி கேட்டுக்கேட்டு வரைந்தான். கண்ணைத் திறந்து போட்டான். திறந்த கண்ணோடும் அது பார்க்கவில்லை.

"விடுங்க," என்றாளாம். "எனக்கு அவன் முகம் ஞாபகம் இருக்கு. உங்களுக்குத்தான் போயிடுச்சு."

மூன்று மாதத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசியது அன்றைக்குத்தான். அதன்பிறகு அரிசி தீர்ந்தது, கூரை ஒழுகுகிறது என்று பேச ஆரம்பித்தாள். மேமி அதையே பெரிதாக எடுத்துக்கொண்டான்.

அவன் மறுபடி உஸ்தாதிடம் போய், இனிமேல் பூவோ ஓரக்கோடோ ஏதாவது கொடுங்கள், தலை வேண்டாம் என்று கேட்டான். கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் எல்லாத் தலைக்கும் ஒரே முகத்தைப் போட ஆரம்பித்தான். யாருடைய முகமும் இல்லாத ஒரு முகம், முட்டைபோல வழவழவென்று. உஸ்தாத் இரண்டு முறை கடிந்துகொண்டார். ருஷ்தி எஃபெந்திக்கு வித்தியாசமே தெரியவில்லை, எண்ணிக்கை சரியாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு படை கிளம்பியது. இந்த முறை எஃபெந்தி அவசரக்காரராக இருந்தார். படை திரும்பும்போது புத்தகம் தயாராக இருக்க வேண்டும் என்று, படை ஆற்றைக் கடக்கும் முன்பே ஏடுகளைத் தொடங்கச் சொல்லிவிட்டார். மேமிக்கு முப்பது தலை. எந்தக் கோட்டை என்று கேட்டான். இன்னும் தெரியாது, நீ தலையைப் போட்டு வை, பின்னால் கோட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்றார் உஸ்தாத். மேமி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தாளை நீட்டினேன், அவன் வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வது? முப்பதையும் போட்டு முடித்தான்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. பீரங்கிகள் சேற்றில் புதைந்து, படை எந்தக் கோட்டையையும் பிடிக்காமல் திரும்பி வந்தது. தயாராக இருந்த ஏட்டை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வேறொரு புத்தகத்தின் அட்டைக்கு உள்தாளாக ஒட்டிவிட்டார்கள்.

அடுத்த கொள்ளைநோயில் மேமி போய்விட்டான். உடல் இருந்தது, இமாம் தொழுகை வைத்தார், எதிர்நா வாசல் என்கிற நகர மதில் வாசலுக்கு வெளியே அடக்கினோம். அங்கிருந்து திரும்பி வந்ததும் கெரிமே என்னிடம் ஒன்று கேட்டாள். அந்தப் புத்தகத்தை யாராவது எடுத்துப் பார்ப்பார்களா என்று. பாதுஷாவின் கருவூலத்தில் இருக்கிறது, யாரும் தொடமாட்டார்கள் என்று சொன்னேன். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு மேமியின் பெயரால் தெருவுக்குக் கொடுக்க வேண்டிய ஹல்வாவுக்கு நெய் போதவில்லை என்று சொல்லி, என் மனைவியிடம் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனாள்.